ஆமாம் என்றால் ஒன்றை அழுத்தவும்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது, அப்பாவின் கணக்கில் எடுத்த இணைப்பு கிரெடிட் கார்டு அவள் கைப்பையில் இருந்தது. போன் நம்பரை மாற்றிவிட்டாள். கார்டை மட்டும் விடவில்லை. பெட்ரோல், சோப்பு, ரொட்டி என்று அவ்வப்போது அவர் போனுக்குச் செய்தி வரும். அதை வைத்துத்தான் அவரும் மனைவியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு வாங்கினால் குளிக்கிறாள், குளித்தால் நன்றாக இருக்கிறாள். பெற்ற மனசு போடும் கணக்கு அவ்வளவுதான்.

பாங்குக்கு அது பொறுக்குமா? "இந்தச் செலவு உங்களுடையதா? ஆமாம் என்றால் ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு மெஷின் குரல் நேரங்காலம் தெரியாமல் கூப்பிடும். கேட்டு முடிப்பதற்குள் ஒன்றை அழுத்திவிடுவார். செய்தியில் ஊர் பெயர் மாறி மாறி வந்தபோதுகூட, வேலை விஷயமாக அலைகிறாள் போலிருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

அன்று லிஃப்ட் குழிக்குள் கை முழுக்க கிரீஸோடு நின்றதால் அழைப்பை எடுக்க முடியவில்லை. மேலே வந்து பார்த்தால் கார்டை முடக்கியிருந்தார்கள்.

கையைக்கூடத் துடைக்காமல் பாங்குக்கு போன் போட்டார். பிறந்த தேதி, அம்மா பெயர், கார்டின் கடைசி எண்கள் என்று மெஷின் குடைந்தெடுத்தது. கொலைக் கேசில் மாட்டியவனைக்கூட இப்படி விசாரிக்க மாட்டார்கள். நடுவில் பாட்டு வேறு. ஒரு வழியாக ஒரு பெண் பேசினாள்.

"உங்க கார்டுக்கு யாரோ போலி போட்டிருக்காங்க சார். ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல செலவாகியிருக்கு."

"அது என் பொண்ணும்மா. தயவுசெஞ்சு திறந்து விடுங்க."

"அப்ப அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்களேன்."

அவளுடைய புது நம்பர் அவரிடம் ஏது? "அவ கடைசியா எப்பம்மா தேச்சா?" என்றார்.

"அசல் கார்டு ஒரே ஒரு தடவைதான் சார். பஸ் டிக்கெட். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் போலி. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ஆமான்னு சொல்லியிருக்கீங்க."

அந்த பஸ் டிக்கெட் அவள் கிளம்பிய அன்றைக்கு வாங்கியது. இத்தனை மாதமும் எவனோ ஒரு திருடன் குளித்ததற்கு இவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. ஏறியவள் இறங்கினாளா என்பதே இப்போது தெரியாது.

சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி கேட்டாள். "இன்னிக்கு ஒண்ணும் வரலையாங்க?"

"வந்துதே. குடை வாங்கியிருக்கா."

"அங்க மழையா?"

"இருக்கும்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "நனைஞ்சா அவளுக்கு ஒத்துக்காது. இப்பவாவது புத்தி வந்துதே" என்றபடி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். "நாளைக்கு என்ன வாங்கினாலும் உடனே சொல்லுங்க, என்ன?"

"சொல்றேன்" என்றார்.