சர்வேயர் வாங்கிய பலாப்பழம்

என் மச்சினன் பூபதி பாங்காக் டூர் போய், பெண்டாட்டிக்கு ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கி வந்தான். கடைக்காரன் சொன்ன விலையைக் கால்வாசிக்கு அடித்துப் பேசி வாங்கினானாம். ஊருக்கு வந்து நகைக்கடையில் காட்டினால், கல் வெறும் கண்ணாடி. இதை அவன் என்னிடம் மட்டும் சொன்னான். நான் அவன் மகள் காதுகுத்தில், பந்தியில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். விலையோடு சேர்த்துச் சொன்னேன். பந்தியே சிரித்தது. அதன்பிறகு ஒரு வருஷம் பூபதி எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

என் மனைவி சுஜிதாவுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். போனில் அழுது கெஞ்சி, போன ஞாயிற்றுக்கிழமை அவனையும் அவன் மனைவி மோனிஷாவையும் கொல்லிமலைக்கு வரவழைத்துவிட்டாள். இங்கே நான் சர்வேயர். செம்மேட்டில் குடியிருக்கிறோம்.

"அந்த மோதிரப் பேச்சை எடுத்தீங்கன்னா, அவன் கார்லயே நானும் கீழ எறங்கிப் போயிருவேன்" என்றாள். சொன்னால் செய்வாள். மோதிரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். பேரம் பேசுவது எப்படி என்று அவனுக்குக் காட்டக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பலாப்பழம் வாங்க நானும் பூபதியும் அவன் காரில் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப் பக்கம் போனோம். ரோட்டோரம் ஒரு பலாமரம். அடியில் பறித்துப் போட்ட மூன்று பழங்கள். பக்கத்தில் தோளில் துண்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மஞ்சப்பை ஒரு கல்லின் மேல் இருந்தது.

"பேசாம என்னைய மட்டும் பாரு மாப்ளே" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

"மூணும் எவ்வளவுங்க?"

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "ஆயிரம் குடுங்க சார்."

"நான் இந்த மலையில அஞ்சு வருசமா இருக்கறேன். டூரிஸ்ட்டுக்குச் சொல்ற விலைய எங்கிட்டச் சொல்லாதீங்க. நானூறு."

"கட்டாதுங்க சார்" என்றார். ஆனால் கண் ரோட்டிலேயே இருந்தது. வேறு ஆள் யாராவது வந்து விலையைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார் என்று கணக்குப் போட்டேன். வேண்டாம் என்று திரும்பிக் கார்வரை நடந்தேன். அப்படி நடந்தால் கூப்பிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"சார், சார்! ஐநூறே குடுத்துருங்க, வாங்க!"

பாதி விலை! அவரே பழங்களைத் தூக்கி டிக்கியில் வைத்தார். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு ஓடிப் பஸ்ஸில் ஏறிவிட்டார். நல்ல மனுஷன், ஜன்னல் வழியாகக் கையும் காட்டினார்.

"பாத்தியா?" என்றேன் பூபதியிடம். எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷம்.

பின்னாலிருந்து ஒரு அம்மா சாக்கோடு வந்தார். டிக்கியைப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க பழத்தைத் தூக்கி வண்டியில வெச்சிருக்கறீங்க?"

"காசு குடுத்துட்டோமுங்க. இங்க உக்காந்திருந்தாரே, அவர்கிட்ட."

"அட சாமி! அவரு பஸ்ஸுக்கு நின்னவருங்க. வெயிலா இருக்குது, நெழல்ல உக்காருங்க, அப்படியே பழத்தையும் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுச் சாக்கெடுக்கப் போனேன்." அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "சர்வேயர் சாருங்களா? போன மாசம் எங்க காட்டை அளந்து நீங்கதானுங்களே இந்தக் கல்லை நட்டீங்க?"

மஞ்சப்பை இருந்த கல்லைப் பார்த்தேன். நான் நட்ட கல்தான். எந்த மண் யாருடையது என்று சொல்லத்தான் அரசாங்கம் எனக்கு மாதாமாதம் சம்பளம் போடுகிறது.

"விலை என்னங்கம்மா?" என்று பூபதி கேட்டான்.

"நம்ம சாரா வேற போயிட்டீங்க. மூணுக்கும் முந்நூறு குடுங்க, போதும்."

பூபதி ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ரோட்டைப் பார்த்தேன், அவனும் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். கேலி பண்ணித் தொலையேன்டா என்று கத்தலாம் போல இருந்தது. அவன் மகள் காதுகுத்துப் பந்தி வேறு கண்முன்னால் வந்து நின்றது. அன்றைக்குத் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

வீட்டில் சுஜிதா வாசலிலேயே கேட்டாள். "எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

பந்தி போட்டாயிற்று, பூபதி பரிமாற வேண்டியதுதான் பாக்கி.

"ஆயிரம் சொன்னாங்கக்கா. மாமா பேசிப் பாதியாக் கொறைச்சுட்டாரு" என்றான் பூபதி. அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு அரிவாள்மணையைத் தேடிப் போனான்.

சுஜிதா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அதைத் தாங்கிக்கொள்வது பெரிய கஷ்டமாக இருந்தது.

பழம் அறுக்க மோனிஷா கையில் எண்ணெய் தடவப் போனாள். அதற்கு முன் விரலிலிருந்து அந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்றினாள். இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நேராக வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"பலாப்பால் ஒட்டிக்குமுங்க. பத்திரமா வெச்சிருங்கண்ணா. இதோட விலை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

சுஜிதா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பழமும் அறுத்து முடியும்வரை கையை மூடியபடி உட்கார்ந்திருந்தேன். பூபதி ஒரு சுளையை நீட்டினான். இன்னொரு கையால் வாங்கித் தின்றேன். நல்ல இனிப்பாக இருந்து தொலைத்தது.