மொட்டைமாடிக்கு வெள்ளை

அறக்கட்டளையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குப் ‘பெயிண்டக்கா’ என்றுதான் பெயர். தகரமோ காங்கிரீட்டோ, ஏழைகள் குடியிருக்கும் எந்தக் கூரையானாலும் ஏறி, வெயிலை அண்டவிடாத வெள்ளைப் பெயிண்டை அடித்துவிட்டு இறங்குவாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நல்ல பேருக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஊரையெல்லாம் குளிரவைத்தவளின் சொந்த வீடு அடுப்பாய்க் கொதித்தது. மொட்டைமாடிக்கு நேர் கீழே ஒற்றை அறை, வாடகைக்கு. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் அவள் கணவன் பகலெல்லாம் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டான். தூக்கம் கெட்டுக் கெட்டு, போன வாரம் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருவருக்குப் போடப் போய்விட்டான். கூட இருந்த நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்தாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும்.

“மிச்சப் பெயிண்ட் வாளியை நீயே எடுத்துக்கோம்மா” என்று அறக்கட்டளை மேலாளர் இன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

வாளியோடு கிளம்பியவள், நீளப் பிடி பிரஷைத் திரும்ப வாங்க ஒரு தையல்காரி வீட்டுக்குப் போனாள். கோடைத் தொடக்கத்தில் அவள் வெள்ளையடித்த வீடு. பிரஷ் அங்கேயே தங்கிவிட்டது. கதவைத் திறந்தது முன்பின் பார்க்காத பெண்.

“அவங்க காலி பண்ணிட்டாங்களே. வீடு ஜில்லுனு ஆயிடுச்சுன்னு ஓனர் வாடகையை ஏத்திட்டாரு. இந்தத் தெருவுல பாதிப் பேர் அப்படித்தான் போனாங்க.”

“எங்க போனாங்க?”

“அந்தக் கோடியில தகரக் கொட்டகைக்கு. கைக்குழந்தையோட.”

கூரையில் ஏற அறக்கட்டளைக்காரர்கள் வீட்டு ஓனர்களிடம் அனுமதி கேட்டார்கள். வாடகையை ஏற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க, கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்ட அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயிண்டக்காவுக்குமா தோன்றாமல் போயிற்று? அவளே வாடகைக்குக் குடியிருப்பவள்! தன்மீதே ஆத்திரமாக வந்தது. பிரஷைக் கேட்காமலே திரும்பினாள்.

மாடிப்படியில் வீட்டு ஓனர் நின்றிருந்தார். வாளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“நம்ம மாடிக்காம்மா? அடிச்சா வீடே குளுகுளுன்னு ஆயிடுமாமே?”

மேலே கணவன் தூங்காத கண்களோடு வாசலுக்கு வந்து, அவள் பதிலுக்குக் காத்திருந்தான்.

“இல்லைங்க. இந்த மாடிக்கு இது சரிப்படாது, உரிஞ்சு வந்துடும்” என்றாள். எத்தனையோ மாடிகளில் இதற்கு நேர்மாறாகச் சத்தியம் செய்தவள்.

உள்ளே வந்ததும் அவன் கேட்டான்: “ஏன் அப்படிச் சொன்னே?”

தையல்காரியின் கதையைச் சொன்னாள். அவன் கட்டிலில் சாய்ந்தான்.

“சரி விடு. துண்டை நனைச்சுக் குடு.”

வாளியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுக் குழாயைத் திறந்தாள். மாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீரும் கையைச் சுட்டது.