மாடிப்படி இருந்த அறை

தோட்டத்தில் ஆள் நடமாட்டம் நின்று பல வருடம் ஆகியிருந்தது. பங்களாவின் வாசல்வரை புதர் மண்டிக் கிடந்தது. வீடு இன்னும் தாங்குமா, இல்லை இடிக்க வேண்டியதுதானா என்று பார்த்துச் சொல்லப் பொறியாளன் வந்திருந்தான். மனைவி இறந்ததிலிருந்து அவன் வேலையைத் தவிர எதையும் பேசுவதில்லை. அவனுக்கும் சேர்த்துக் கூட வந்த கொத்தனார் பேசினார்.

“பாத்து வாங்கம்மா. உள்ள பாம்பு இருந்தா, நாம வாடகை கேட்டு வந்திருக்கோம்னு நினைச்சுக்கப் போகுது.”

வீட்டுக்காரரின் மகள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். “அப்பாவோட பிடிவாதத்தாலதான் வீடு பாழாச்சுன்னு தம்பி சொல்றான். அந்தக் கோவத்துல அவர் சாவுக்குக்கூட வரலை. அவன் சொல்றது நிஜமா சார்?”

கூடத்தை ஒட்டி அவளுடைய அம்மாவின் அறை. அம்மா இறந்த கையோடு அப்பா அதை ஆணி அடித்து மூடிவிட்டாராம். மொட்டைமாடிக்குப் படிக்கட்டு அந்த அறைக்குள் இருந்தது.

“ஏணி வச்சு ஏறக்கூட யாரையும் விடலை. அம்மா தலைக்கு மேல ஒருத்தரும் நடக்கக் கூடாதுன்னுட்டார்.”

பொறியாளன் ஏணி வைத்து ஏறினான். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சருகு அடைத்திருந்தது. அதில் ஒரு செடியே வளர்ந்திருந்தது. தேங்கிய தண்ணீர் உள்ளே இறங்கி உத்திரங்களை உளுத்துப்போக வைத்திருந்தது.

“ரெண்டு கூடை சருகு! அள்ளிப் போட்டிருந்தா வீடு கல்லு மாதிரி நின்னிருக்கும்,” என்ற கொத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கீழேயிருந்து கேட்டுவிட்டாள். அவன் இறங்கி வந்ததும், “ஒழுகறது அப்பாவுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம், இல்ல?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கூடத்துத் தரை முழுக்கத் துருக்கறை வட்டங்கள். ஒழுகல் இடம் மாற மாற வாளியும் இடம் மாறியிருந்தது. ஆணி அடித்த கதவை ஒட்டி ஒரு கட்டிலின் கால் தடங்கள்.

“தெரிஞ்சிருக்குங்க. வாளி வச்சு வச்சுக் கொட்டியிருக்கார். இங்கயேதான் படுத்திருக்கார்.”

“தெரிஞ்சுமா திறக்கலை?”

“திறந்தா உள்ள யாரும் இருக்க மாட்டாங்கல்ல,” என்றான் பொறியாளன்.

கொத்தனார் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தம்பிக்கு போன் போட்டாள். “வீடு நிக்காதாம்டா. ஆமா, நீ சொன்னதுதான். அப்பாதான் காரணம். ஒரு தடவை வந்து அவர் படுத்திருந்த இடத்தைப் பாரு. பாத்துட்டு அப்புறம் திட்டு.”

தம்பி போனை வைத்துவிட்டான்.

“கதவைப் பேத்துடலாமாம்மா?” என்றார் கொத்தனார் தணிந்த குரலில்.

அவள் தலையாட்டினாள். கடப்பாரை நுழைந்தது. முதல் ஆணி வரும்வரை பொறியாளன் பக்கத்தில் நின்றான். இரண்டாவது கிறீச்சிட்டபோது அவன் வாசலுக்கு வந்து, புதரைப் பார்த்தபடி நின்றிருந்தான்.