உடன்பிறந்தோர்: இல்லை

என் வாயில்தான் சனி. ஒரே ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை நாய் படாத பாடு பட்டேன்.

எங்கள் காலேஜில் பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு வெளிநாடு என்றால் இதுவரை ப்ரொஜெக்டரில் பார்த்ததோடு சரி. போன வருஷம் வரைக்கும் எம்.பி.ஏ.வில் இரண்டே பேர் போய் வந்தார்கள். இந்த வருஷம் போலந்தில் ஒரு யுனிவர்சிட்டியோடு ஒப்பந்தம் போட்டு, பி.பி.ஏ., பி.காம். எல்லாருக்குமாக எட்டு இடம் வாங்கிவிட்டார்கள். ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம். எட்டில் ஒரே ஒரு இடத்துக்கு டிக்கெட்டிலிருந்து சாப்பாடு வரை போலந்துக்காரர்கள் பொறுப்பு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கூடப் பிறந்தவர்கள் யாரும் ஏற்கெனவே வெளிநாட்டில் படித்திருக்கக் கூடாது. நியாயம்தான். மற்ற ஏழு இடமும் எங்கள் வீட்டுக்கு எட்டாது. அந்த ஒன்று கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் நான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைத் தாண்டப் போவதில்லை.

ஃபார்மில் 'உடன்பிறந்தோர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள் மட்டும் என்று அடியில் தெளிவாகவே போட்டிருந்தது. யுவன் என் பெரியப்பா மகன். அவன் எட்டு மாசக் குழந்தையாக இருந்தபோது பெரியம்மா பூவம்மாள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பெரியப்பா பெங்களூரில் வேறு குடும்பம் கட்டிக்கொண்டார். கல்யாணமாகி மூன்றே மாசமான என் அம்மா காந்தாதான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவன் அம்மா என்று கூப்பிடுவது அவளைத்தான். இப்போது அயர்லாந்தில் எம்.எஸ். முடித்து அங்கேயே வேலையில் இருக்கிறான்.

நேர்காணலில் ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அம்மா, தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, என் பிரதர் அயர்லாந்தில்தான் படித்தான், எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்றேன். கசின் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யார் சொன்னார்கள்? சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு தாஹிரா மேடம் கூப்பிட்டார். காலேஜில் வெளிநாட்டுப் படிப்பு விஷயமெல்லாம் அவர் கையில்தான்.

"ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கிற, நேர்ல பிரதர்னு சொல்லியிருக்கிற. பொய் சொல்லிட்டியான்னு கேட்டு மெயில் வந்திருக்குதுமா."

"ஐயோ மேடம், அவன் பெரியப்பா பையன்!"

"எனக்குப் புரியுதும்மா. எங்க வீட்லயும் பெரியப்பா பசங்க, மாமா பசங்க எல்லாரும் பாய்ஜான்தான், அண்ணன்தான். அவங்களுக்குப் புரியணுமே? உங்கம்மா நோட்டரி முன்னாடி ஒரே பிள்ளைன்னு எழுதித் தரட்டும். இல்ல, வேற ஏதாவது கெட்டியான ரெக்கார்டு கொண்டா. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள வேணும்."

அப்பா ஷிப்டில் இருந்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காந்தி ரோட்டுக்குப் பறந்தேன். அம்மா அங்கே ஒரு பட்டுக்கடையில், கல்யாண வீட்டார் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற சேலைகளை மடித்து அடுக்குகிற வேலை செய்கிறாள். முகூர்த்த மாசம் வேறு. அவள் முன்னால் சேலை மலையாகக் குவிந்திருந்தது.

"அரை நாள் லீவு சொல்லிட்டு வாம்மா, சீக்கிரம்."

"எதுக்குடி இப்டி ஓடியாந்துக்கினு இருக்கிற?"

"காலேஜ் பேப்பரு. ஒரே ஒரு கையெழுத்து."

அந்தப் பேப்பரில் என்ன இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டாள் என்று தெரியும். பெற்ற தாயிடம் இப்படி ஒரு திருட்டுத்தனம் தேவையா என்று வழி நெடுக மனசு அரித்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை.

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே நோட்டரி வக்கீல் வெங்கடேசன் மேசை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நான் காட்டிய இடத்தில் பேனாவை வைத்தாள்.

"இருங்கம்மா," என்றார் வக்கீல். "படிச்சுக் காட்டாம நான் சீல் வைக்கிறதில்ல." தமிழிலேயே சொன்னார். "எனக்கு துளசி என்கிற ஒரே பிள்ளை. வேறு மகனோ மகளோ கிடையாது. சரிதானம்மா?"

நான் அம்மாவின் முழங்கையை அழுத்தினேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க சார். பெரியவன் அயர்லாந்துல இருக்கிறான். இவ ரெண்டாவது."

வக்கீல் பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, நடுரோடு என்றும் பார்க்கவில்லை. "உன்னைப் பொய்யா சொல்லச் சொன்னேன்? அவனைப் பெத்தது நீயா? இல்லதானே? அதைச் சொன்னா இன்னா கொறைஞ்சிடுவ?"

"அதை என் வாயால சொல்ல மாட்டேன்டி."

"அவனுக்குன்னா ராத்திரி பகலா ஓடுன. எனக்கு ஒரு கையெழுத்துக்கு வலிக்குதா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற எது வேணாலும் கேளு, செய்றேன். அவனை இல்லைன்னு மட்டும் சொல்லச் சொல்லாத."

அவள் மேல் இன்னும் கோபம்தான் வந்தது. மணி ஒன்றாகப் போகிறது. போலந்து கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிப்போய் நின்று யுவனுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை நேரம், பஸ்ஸில் இருந்தான். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அம்மாவை விடு துளசி, அவங்க போட மாட்டாங்க. நான் ஒண்ணு அனுப்புறேன், அது போதும்," என்றான்.

அவனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கமும் பிறப்புச் சான்றிதழும் வந்தன. தாயார் பெயர் பூவம்மாள். நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.

"அண்ணா, எப்பலேர்ந்து இந்தப் பேரு எழுதுற?"

"பத்தாவதுலேர்ந்து. எந்த ஃபார்மா இருந்தாலும் அந்தப் பேருதான். மொகமே தெரியாதவங்க பேரு. மொதல்ல எழுதவே கை வராது. அப்பறம் பழகிடுச்சு." குரலைத் தாழ்த்தினான். "அம்மாகிட்ட மட்டும் காட்டிடாத. செத்துடுவாங்க."

இரண்டையும் தாஹிரா மேடத்துக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது. "இதுக்கு மேல இன்னா வேணும்? போலந்துக்குப் பேசிட்டேன்மா, ஒத்துக்கினாங்க. சீட்டு உனக்குத்தான்."

குதித்திருக்க வேண்டும். "தேங்க்ஸ் மேடம்" என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

அம்மா இரண்டு கிளாஸ் ரோஸ்மில்க்கோடு என்னிடம் வந்தாள். "அண்ணன்கிட்ட பேசினியா? இன்னா சொன்னான்?"

"அவனோட பாஸ்போர்ட்டை அனுப்பினான்மா. அதுவே போதுமாம். எனக்குக் கிடைச்சிடுச்சு."

"நல்லா இருக்கட்டும் என் பிள்ளை." கிளாஸ்களை மதில்மேல் வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினாள். திரையில் இருந்த பாஸ்போர்ட் பக்கத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். "ஏன்டி, இதுல அம்மா பேரு போட்ற எடம் இருக்குமாமே. கடையில சொல்லிக்கினாங்க. எங்க, காட்டு."

பூவம்மாள் என்ற இங்கிலீஷ் எழுத்துகளுக்கு அடியில் விரலை வைத்தேன்.

"இதாம்மா," என்றேன். "காந்தா."