யார் வயிற்றில் இருந்தது

அண்ணன் மகள் சிட்டுவுக்கு முதல் வலிப்பு வந்தபோது நான் கடையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கத்திய கத்தலில் துணியும் கையுமாக உள்ளே ஓடினேன். ஆறு வயதுப் பிள்ளை தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். முழுப் பன்றியைத் தோளில் தூக்கி வருகிற என் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முன்பக்கம் கறிக்கடை, பின்பக்கம் வீடு. அண்ணன் வெட்டுவான். அண்ணி கொத்துக்கறியில் உப்பும் மிளகும் பூண்டும் போட்டுப் பிசைந்து, குடலில் அடைத்து சாசேஜ் செய்வாள். நான் கல்லாவில் உட்காருவேன். புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அதுதான் என் இடம். அண்ணி ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற மாதிரி நடுவில் அண்ணன். ஆனால் சிட்டு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை கிடையாது. அவளுக்குக் கறி வாசனையே ஆகாது. கறிக்கடைக்காரன் மகள் இப்படியா என்று சந்தையே சிரிக்கும். அண்ணி கையால் ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுவாள். என் மேல் காலைப் போட்டுக்கொண்டால்தான் தூங்குவாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மூளைக்குள் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது, அதில் நாடாப்புழுவின் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது என்றார். அண்ணனுக்குச் சுருக்கென்றது. பிள்ளை கறியே தின்னமாட்டாள், எங்கள் கடைமேல் பழி போடாதீர்கள் என்று குதித்தான். வீட்டுக்கு வந்ததும் கடைவாசலில் படுத்துக்கிடந்த நாயைப் பைக்கில் தூக்கிப்போட்டுச் சந்தைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தான். நாய்க்கு மட்டும் வாய் இருந்தால் வக்கீல் வைத்திருக்கும். அடுத்த முறை போனபோது, இது நாயால் வருவதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். பன்றிக்கறியில் சில சமயம் அரிசிமணி போல வெள்ளையாக இருக்கும். அதைச் சரியாக வேகாமல் தின்கிறவர் வயிற்றில் புழு வளரும். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வரும். கக்கூஸ் போய்விட்டு ஒழுங்காகக் கை கழுவாவிட்டால், அந்தக் கை தொட்ட சாப்பாட்டோடு முட்டை இன்னொருவர் வயிற்றுக்குப் போகும். பன்றிக்கு வருகிற அதே மணி அவர் உடம்பிலும் வரும். சிட்டுவுக்கு அது மூளையில் வந்திருக்கிறது.

"உங்க வீட்டுல ஒருத்தர் வயித்துல அந்தப் புழு இருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்கணும். இல்லன்னா நான் மருந்து குடுத்தாலும் மறுபடி மறுபடி வரும்," என்றார்.

அன்று வீடே அதிர்ந்தது. எந்த மூதேவி வயிற்றில் இருக்கிறதோ, அது இனி என் பிள்ளையைத் தொடக்கூடாது, அடுப்படிப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று அண்ணன் ஆடித் தீர்த்தான். அது தன் வயிறாகவும் இருக்கலாம் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் மலப் பரிசோதனை. தன் டப்பாவைக் கொடுக்கப் போகும்போது மட்டும், திருட்டு நகை மாதிரி அதை மூன்று பைக்குள் ஒளித்து எடுத்துப் போனான்.

முடிவு கேட்க நானும் அண்ணியும் போனோம். அண்ணன் சிட்டுவோடு வீட்டில் இருந்தான். டாக்டரம்மா அண்ணியைப் பார்த்து, உங்களுக்குத்தாம்மா என்றார். அண்ணி நம்பவில்லை. வேலை எப்படிச் செய்வீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பிசைந்த கறியைப் பச்சையாக நாக்கில் வைத்துத்தான் அண்ணி உப்புப் பார்ப்பாள். வறுத்துப் பார்த்தால் உப்பு ஏறித் தெரியும், கணக்குத் தப்பும் என்பாள். துப்பிவிடுவேன் என்றாள். எல்லாவற்றையுமா என்று டாக்டரம்மா கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். வேலை நாளில் அவள் கையில் சோப்பும் படாது. சோப்பு வாசனை கறியில் ஏறிவிடும், வெறும் தண்ணீர் போதும் என்பது எங்கள் கடைச் சட்டம். அந்தச் சுத்தத்துக்காகத்தான் எங்கள் சாசேஜுக்கு அத்தனை நல்ல பேர்.

மாத்திரையை அங்கேயே, டாக்டரம்மா கண் முன்னாலேயே விழுங்கினாள்.

பஸ்ஸில் அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு நாளாக இருந்தால் சுருக்கென்று நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அண்ணன் எகிறினால் குறுக்கே நிற்க வேண்டும், வேண்டுமென்றா செய்தாள் என்று கேட்க வேண்டும் என வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன்.

அண்ணன் சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். யாருக்கு என்றான்.

"உங்க தங்கச்சிக்குத்தான்," என்றாள் அண்ணி.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என்னவெல்லாமோ நாக்கு நுனிக்கு வந்தது. ஒரு போன் போட்டால் டாக்டரம்மாவே சொல்லிவிடுவார். அதற்குள் சிட்டு மடியிலிருந்து இறங்கி ஓடிப்போய் அண்ணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பசிக்குது என்றாள். அண்ணி பிள்ளையைத் தொடாமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் அண்ணன் அந்தப் பிள்ளையை அந்த இடுப்பிலிருந்து பிய்த்து எடுப்பான். ஒட்டின இடத்திலிருந்து பிய்த்து எடுத்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அண்ணன் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கடைப்பக்கம் போட்டான். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சிட்டு கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வாசற்படிக்கு வந்தாள். அதைத் தாண்டி வரவில்லை. அவளுக்குப் பின்னால் அண்ணி குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீ ஏன் என் தலைக்குள்ள புழு விட்டே?"

அண்ணியின் கை நின்றது. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியாம நடந்துபோச்சுடா கண்ணு," என்றேன்.

சிட்டு சரி என்று தலையாட்டினாள். வா என்று நான் கையை நீட்டினேன். அவள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.