மேடவாக்கத்துக் கறுப்பும் ஊரப்பாக்கத்து நீலமும்

ஆறாவது ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டரைக்கே சிட்டிபாபு ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே போய் ஏதாவது ஒரு காருக்கு அடியில் படுத்துக்கொள்ளலாமா என்று முனீருக்குத் தோன்றியது.

"இன்னா மச்சான், கெளம்பலாமா?"

"எங்க?"

"ஊரப்பாக்கத்துக்குத்தான். அந்த வண்டிய இன்னொரு தபா பாத்துட்டு, அப்டியே மேடவாக்கம் போய் அதையும் ஒரு பார்வ பாத்துட்டா முடிஞ்சுது."

இதே பேச்சைத்தான் முனீர் போன வாரமும் கேட்டார். அதற்கு முந்தைய வாரமும்.

முனீர் இரும்புலியூரில் முப்பது வருடமாகக் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். சிட்டிபாபு அவருடன் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஊரின் பழைய குடும்பம். நிலம் இருந்த இடத்தில் இப்போது கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். போன வருடம் மகள் ஹேமாவதியின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் கூடியிருந்த பந்தியில், அடுத்த முறை உங்கள் வீட்டுக்குப் பெரிய வண்டியில்தான் வருவேன் என்று சொல்லி வைத்தார். அன்றிலிருந்து அவர் மனைவி பச்சையம்மா அதை விடவில்லை. தேடித் தேடிக் கடைசியில் இரண்டு கார்கள் மிஞ்சின. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டும் டீசல், இரண்டும் ஆட்டோமேட்டிக். ஒன்று கறுப்பு. இன்னொன்று வெயிலில் நிறுத்திப் பார்த்தால்தான் நீலம் என்று தெரிகிற கருநீலம்.

முதல் நாளே முனீர் ஸ்கேனர் மாட்டி, பெயிண்ட் மீட்டர் வைத்து, இரண்டு கார்களுக்கு அடியிலும் படுத்துப் பார்த்துத் தன் முடிவைச் சொல்லிவிட்டார். "மேடவாக்கம் கறுப்பு வண்டிய எடு. டயர் நாலும் மாத்தணும், அவ்வளவுதான். ஊரப்பாக்கம் வண்டில பின்னாடி இடது கதவு இடிபட்டு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கு. வேணாம்."

"கரீட்டு மச்சான்," என்றார் சிட்டிபாபு. அடுத்த ஞாயிறு, "இருந்தாலும் அந்த வண்டி சீட்டு சொகமா கீதே," என்று வந்து நின்றார். அதற்கடுத்த ஞாயிறு கறுப்பு வண்டியின் ஏசி பிடித்துப்போனது. அடுத்த வாரம் நீலத்தின் சத்தம். முனீரின் மனைவி ஷரீஃபா ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "ஏங்க, அவருக்குக் கார் வேணுமா, இல்ல உங்க கூட ஊர் சுத்தணுமா?" என்று கேட்டே விட்டாள்.

முனீர் தன் பழைய வேனை எடுத்தார். சிட்டிபாபு ஏறி உட்கார்ந்தார். அவர் வழக்கமாக வரும் ஸ்கூட்டரை இந்த வாரமும் காணோம், ஆட்டோவில்தான் வந்திருந்தார். முனீர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரப்பாக்கத்தில் பழைய கார் விற்கும் இடத்தில் அசார் என்ற பையன்தான் எப்போதும் இருப்பான். முதல் வாரம் ஜூஸ் வாங்கிக் கொடுத்தான், மூன்றாம் வாரம் டீ. இன்று சாவியை மேசைமேல் தள்ளிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

சிட்டிபாபு ஸ்டியரிங்கைத் தடவியபடி கேட்டார். "எவ்ளோ கிலோமீட்டர் ஓடிக்கீது?"

"எதிர்லயே இருக்கு, பாரு," என்றார் முனீர்.

"நீ சொல்லேன்."

"அறுபத்திரெண்டாயிரம். இதோட ஆறு வாட்டி சொல்லிட்டேன். அந்த வண்டி ஐம்பத்தெட்டாயிரம். அதையும் ஆறு வாட்டி சொல்லிட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுபோலதான் கீது இல்ல?"

"இல்ல," என்றார் முனீர். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

மேடவாக்கத்தில் கறுப்புக் காரின் சொந்தக்காரி சுப்ரஜா, ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள். கணவன் ஏற்கெனவே அயர்லாந்து போய்விட்டான். இன்னும் இரண்டு மாதத்தில் அவளும் போகிறாள். அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் சாவியோடு நின்றவள், வந்தவர்களைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு வாட்டியும் இவர்தான் ஓட்டறார், நீங்க பக்கத்துல உக்காந்துக்கறீங்க. ஓட்டப்போறது நீங்கதானே? நீங்களே ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாருங்களேன். பிடிச்சிருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்."

"அதச் சொல்லுங்க மொதல்ல," என்றார் முனீர். ஆறு வாரத்தில் முதல் முறையாகத் தன் பக்கம் ஒருத்தர் பேசியது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

சிட்டிபாபு தயங்கினார். வெயில் ஏறிவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். முனீர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது சிட்டிபாபுவால் பின்வாங்க முடியவில்லை. ஏறினார். முனீர் பக்கத்து சீட்டிலும் சுப்ரஜா பின் சீட்டிலும் உட்கார்ந்தார்கள்.

வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பினால் நீளமான தெரு. இரண்டு பக்கமும் அபார்ட்மெண்டுகள். கார் நன்றாகத்தான் போனது, ஆனால் கொஞ்சம் நடுவில் போனது. "அங்கிள், ஸ்பீட் பிரேக்கர்," என்று சுப்ரஜா சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேரும் தூக்கிப் போடப்பட்டார்கள். சிட்டிபாபு சிரித்துச் சமாளித்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு தண்ணீர் லாரி தெருவை அடைத்து நின்றிருந்தது. ஓர் ஆள் குனிந்து பைப் மாட்டிக்கொண்டிருந்தான். சிட்டிபாபு வேகத்தைக் குறைப்பார் என்று முனீர் காத்திருந்தார். அவர் குறைக்கவில்லை.

"டேய், பிரேக்கு," என்றார் முனீர். நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக் சுவிட்சை இழுத்து விடாமல் பிடித்தார். கார் கிறீச்சிட்டு, மூக்கைத் தரையில் அழுத்தி, லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பைப் மாட்டியவன் குதித்து ஓடி, சுவரோரம் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

"கண்ணு தெரியலயாடா உனக்கு?" என்று முனீர் கத்தினார். சாலையில் யாரைப் பார்த்தும் யாரும் கேட்கிற கேள்விதான்.

சிட்டிபாபுவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"வெயிலு கண்ல அட்ச்சிது மச்சான்," என்றார் கடைசியில்.

"வெயில் நமக்குப் பின்னாடி இருக்கு." முனீரின் குரல் இறங்கியிருந்தது. "சிட்டி, நீ உக்காந்திருக்க வண்டி என்ன கலரு, சொல்லு."

சிட்டிபாபு எதிரே பேனட்டை வெகுநேரம் பார்த்தார். "நீலம்," என்றார்.

முனீர் இறங்கிச் சுற்றி வந்து அவரை இறக்கினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவரே ஓட்டிக்கொண்டு வந்து காரைக் கீழ்த்தளத்தில் நிறுத்தினார். சுப்ரஜா மேலே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு தூணோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிட்டிபாபு சொன்னார். ரெண்டு வருஷமாகவே இப்படித்தான். எதைப் பார்த்தாலும் புகை மூட்டம் போட்ட மாதிரி. சாயங்காலமானால் எதிர் வண்டி விளக்கெல்லாம் பூப்பூவாக விரிகிறது. போன மாதம் ஸ்கூட்டரோடு ஒரு பள்ளத்தில் விழுந்ததிலிருந்து அதைத் தொடவில்லை.

"டாக்டர்கிட்ட போறதுக்கு என்ன?" என்றார் முனீர்.

"எங்க சித்தப்பா கண்ணு ஆப்ரேசன் பண்ணிக்கினு வந்தாரு. கடசி வரிக்கும் ஒத்தக் கண்ணுதான்."

"அது நாம ஸ்கூல் படிக்கறப்போடா."

"பயம் பயந்தான மச்சான். பந்தியில வாய வுட்டுட்டேன், வண்டி வாங்காம இருக்க முடியல. வாங்கி வூட்டுக்கு எட்த்துகினு போனா சாவிய என் கையிலதான குடுப்பாங்க? அதான், இதா அதான்னு இஸ்துகினே இருந்தேன்."

முனீருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை, அத்தனை டீசல், ஷரீஃபாவிடம் வாங்கிய பேச்சு. பிறகு வேறொன்று உறுத்தியது. காரின் கதவில் விரல் வைத்துப் பார்த்தே மறுபெயிண்டைக் கண்டுபிடிக்கிற ஆள், வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனின் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த உறுத்தலையும் சேர்த்து அவன்மேலேயே காட்டினார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. ஏதாவது பேசின, பச்சையம்மாகிட்ட இந்த லாரி கதைய அப்படியே சொல்லிடுவேன்."

சுப்ரஜா குறுக்கிட்டாள். "அங்கிள், எனக்கு ரெண்டு மாசம் டைம் இருக்கு. வண்டிய வேற யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனா கண்ணு சரியாகி, டாக்டர் ஓட்டலாம்னு சொன்னாத்தான் சாவி."

முனீர் சொல்லாமலேயே பச்சையம்மாவுக்கு விஷயம் தெரிந்துபோனது. அன்று ராத்திரியே சிட்டிபாபு உளறிவிட்டார். திங்கட்கிழமை காலையில் முனீர் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு வந்தபோது அவள் ரெடியாக வாசலில் நின்றாள்.

தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டெபோரா என்ற டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் முற்றிய புரை என்றார். ஒவ்வொன்றாக ஆபரேஷன் செய்துவிடலாம், மூன்று வார இடைவெளி விட்டால் போதும். பிறகு இரண்டு சின்ன அட்டைகளை எடுத்து வைத்தார். "உள்ளே வைக்கிற லென்ஸ் ரெண்டு வகை இருக்கு. உங்க கண்ணுக்கு ரெண்டுமே பொருந்தும். பெரிய வித்தியாசம் இல்ல. எது வேணும்னு நீங்களே சொல்லலாம்."

சிட்டிபாபு இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்து மாற்றி மாற்றி முகத்தருகே வைத்துப் பார்த்தார். "இத்த பத்தி ஒரு வாரம் யோசிச்சிட்டு—"

முனீர் எழுந்து வெளியே போய்விட்டார். வராந்தாவில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தார். திரும்பி வந்தபோது பச்சையம்மா கணவன் கையிலிருந்த அட்டைகளைப் பிடுங்கி ஒன்றை டாக்டர் முன்னால் வைத்திருந்தாள். "இத்தயே போடுங்கம்மா. ரெண்டு கண்ணுக்கும் இதே. இவர கேட்டா தீவாளி வந்துடும்."

முதல் ஆபரேஷன் அரைமணிகூட ஆகவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் சிட்டிபாபு முனீரின் முகத்தை உற்றுப் பார்த்து, "மச்சான், இவ்ளோ நரச்சிட்டியா நீ?" என்றார். இரண்டாவது கண்ணும் முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக இரண்டு வாரம் போனது. டாக்டர் இனி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த அன்றே சிட்டிபாபு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார், ஸ்கூட்டரில்.

"மச்சான், கடசியா ஒரே ஒரு தபா. ரெண்டு வண்டியையும் பாத்துட்டு—"

முனீர் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டார். சத்தம் கேட்டு எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனாலும் வேனை எடுத்தார்.

ஊரப்பாக்கத்தில் நீலக் கார் இன்னும் விற்காமல் நின்றது. சிட்டிபாபு பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடா இது? பின்னாடி கதவு வேற கலர்ல கீது?"

முனீர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"பளிச்சுன்னு தெரியுது. இந்த வண்டியப் போயி எனக்கு ஆறு வாரமா காட்டினுகீறியே. ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

போனிலிருந்து தலையைத் தூக்கிய அசார் முனீரின் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே போய் ஒரு டீ வாங்கிவரச் சொன்னான்.

மறுவாரம் மேடவாக்கத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். சுப்ரஜாவுக்கு வியாழக்கிழமை விமானம். டாக்டர் எழுதிய காகிதத்தை வாங்கி ஒரு முறை படித்த பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். பச்சையம்மா நான்கு புது டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். சிட்டிபாபு ஓட்டுநர் சீட்டில், பக்கத்தில் முனீர், பின்னால் பச்சையம்மா. கறுப்பு வண்டிதான் வேண்டும் என்று தான் முதல் நாளே சொன்னதாக சிட்டிபாபு அவளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். முனீர் சீட் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துச் சரிபார்த்தார்.

தாம்பரம் சாலையில் கார் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. சிட்டிபாபுவுக்கு அது கேட்கவேயில்லை.

"சரவணா எலெக்ட்ரிகல்ஸ். அசல் மதுரை கறி தோசை. இங்கு பழைய இரும்பு வாங்கப்படும். மச்சான், அந்தச் சுவத்துல குட்டியா எய்திக்கீது பாரு, விளம்பரம் செய்யாதே."

"ரோட்டப் பாருடா."

"பெண்கள் விடுதி, ஏசி, நான் ஏசி. போன் நம்பர் ஒம்போது எட்டு நாலு..."

"தங்கச்சி, நீயாவது சொல்லேன் இவன்கிட்ட," என்று முனீர் பின்னால் திரும்பினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வுடுண்ணா," என்றாள். "படிக்கட்டும்."

சேலையூரில் இருக்கும் சம்பந்தி வீடு வரை இன்னும் எத்தனை போர்டுகள் இருக்கும் என்று முனீர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டி, அந்த பஸ்ஸை முன்னால் போகச் சொல்லிச் சைகை காட்டினார்.