நடுக்கூடத்து டைல்ஸ்

மாடி போர்ஷனைக் காலி செய்கிறவர்களிடம் வீட்டுக்காரம்மா முதலில் கேட்பது சாவியை அல்ல. இடுப்பிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுவார். கெட்டிச் சத்தம் வந்தால் பிழைத்தார்கள். டொக்கென்று கேட்டால் அட்வான்ஸில் கைவைத்துவிடுவார். அந்த விஷயத்தில் அவரிடம் யார் பாச்சாவும் பலித்ததில்லை.

இந்த முறை காலி செய்த டான்ஸ் மாஸ்டர் கூடத்துப் பாயைச் சுருட்டியதும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடுக்கூடத்தில் மூன்று டைல்ஸ் விரிசல் விட்டுக் கிடந்தன.

"என்ன தம்பி இது? யானைக்கா டான்ஸ் சொல்லிக் குடுத்தீங்க?"

"தப்புதாம்மா. அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க."

அம்மாவுக்கு இது சரியாகப் படவில்லை. சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கே, "நாங்க வரும்போதே இருந்துச்சு" என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்துச் சலித்தவர் அவர். அதிலும் இந்தப் பையன், முழு அட்வான்ஸையும் இன்றைக்கே கொண்டுபோய்க் கட்டாவிட்டால் புது ஹால் கைவிட்டுப் போய்விடும் என்று காலையில்தான் புலம்பியிருந்தான். அவனா சண்டை போடாமல் நிற்பது?

சந்தேகத்தோடு வாசல் பக்கம் திரும்பினார். அவருடைய வீட்டுக்காரர், முட்டிவலிக்காகத் தினமும் சாயங்காலம் நடக்கப் போகிற மனிதர், வெளிச்சுவரை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு சுவரையும் சீண்டியதில்லை.

"உடைச்சது யாரு தம்பி?"

"ஒரு ஸ்டூடண்ட்மா. குதிக்கிறப்போ..."

"எந்த ஸ்டூடண்ட்?"

பதில் வாசலிலிருந்து வந்தது.

"நான்தான்."

வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"நடக்கப் போறேன்னு சொல்லிட்டு, பின்படி வழியா இங்கதான் வந்துட்டிருந்தேன். தம்பி என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு பாவம் தன் மேல போட்டுக்குது."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க டான்ஸ்?"

"பெரியவ கல்யாணத்துல எல்லாரும் ஆடினாங்க. நீ வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தே. ஆடத் தெரியாதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நான் எழுந்திருக்கவே இல்ல. நீ பேசாம போய்ப் பாத்திரம் எண்ண ஆரம்பிச்சுட்டே. சின்னவன் கல்யாணத்துலயாவது உன்னை நானே கூப்பிடணும்னு பார்த்தேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அன்று பாத்திரம் எண்ணியதை இந்த மனிதர் கவனித்திருக்கிறாரே என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சட்டென்று பையைத் திறந்து, எடுத்து வந்திருந்த அட்வான்ஸ் முழுவதையும் மாஸ்டர் கையில் வைத்தார்.

"போய் உங்க ஹாலுக்குக் கட்டுங்க. உடைச்சது எங்க வீட்டு ஆளு, அவர்கிட்ட நான் வசூல் பண்ணிக்கறேன்."

"எப்படி வசூல் பண்ணுவே?" வீட்டுக்காரர் கேட்டார்.

"மூணு டைல்ஸை உடைச்சு என்னத்தைக் கத்துக்கிட்டீங்கன்னு காட்டுங்க, பார்க்கலாம்."

மாஸ்டர் அவசரமாக போனில் ஒரு பாட்டைப் போட்டார். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெட்கத்தோடு கையை நீட்டினார்.

அம்மா உடனே பிடித்துவிடவில்லை. கீழே உட்கார்ந்து, விரிசலுக்கு அடுத்த டைல்ஸை நாணயத்தால் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"இது கெட்டியா இருக்கு. இங்க வந்து ஆடுங்க," என்று அவர் கையைப் பிடித்தார்.